கிரேஸா, பிரெஜியோவா, இஸ்தானாவா? பழைய கொரிய வேன் வாங்குவதற்கு முன்

ஹூண்டாய் கிரேஸ், கியா பிரெஜியோ, சாங்யோங் இஸ்தானா. 1990-களின் கொரியாவில் தேவாலய வாசல், டியூஷன் மையம், ஹோட்டல், தொழிற்சாலை என்று எங்கு பார்த்தாலும் நின்ற 12, 15 இருக்கை வண்டிகள் இவை. 2003-க்கும் 2005-க்கும் இடையில் மூன்றின் உற்பத்தியும் கொரியாவில் அடுத்தடுத்து நின்றுபோனது. ஆனாலும் பிலிப்பைன்ஸில், தென் அமெரிக்காவில், ஆப்பிரிக்காவில், கொரியாவின் சிறு ஊர்களில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அங்கெல்லாம் வசிக்கும் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன, எதை எடுப்பது?

விலையையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்ப்பதற்கு முன்னால் அந்த வண்டியின் பூர்வீகத்தைப் பாருங்கள் என்பேன். மூன்றும் ஒரே வேலைக்காக, ஒரே சந்தையில் போட்டி போட்டவை. ஆனால் பிறந்த வழி வேறு. ஒன்று மிட்சுபிஷி கொடுத்த வரைபடத்தில் வந்தது. ஒன்று மஸ்டாவிடம் பல வருடம் பாடம் கற்ற கியா சொந்தமாக வடிவமைத்தது. இன்னொன்று ஸ்பெயினில் தொடங்கி ஜெர்மனி வழியாகக் கொரியா வந்தது. எந்தப் பாகம் கிடைக்கும், எது கிடைக்காது, எது முதலில் உடையும், மெக்கானிக் எவ்வளவு கூலி கேட்பார் என்பதெல்லாம் அந்தப் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, உதிரிபாகம். இருபது வருடத்துக்கு மேல் ஆன வண்டியில் இதுதான் தலையாயது. அந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு எந்த வண்டியில் போனது என்று கேட்க வேண்டும். கூடவே ஓடிய லாரி இன்னும் தெருவில் இருக்கிறது என்றால் கவலையில்லை.

இரண்டாவது, எஞ்சின் எந்த வகையில் கெட்டுப்போகும் என்பது. மூன்றுமே பழைய பாணி டீசல்கள். கம்ப்யூட்டர் அதிகம் இல்லை, நல்ல மெக்கானிக் கையில் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு.

மூன்றாவது, உள்ளே எவ்வளவு இடம், தரை எவ்வளவு உயரம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவருக்கும், படுக்கையும் சமையல் மேடையும் வைத்து முகாம் வண்டியாக மாற்றுகிறவருக்கும் இது பெரிய விஷயம்.

நான்காவது, துரு. ஐந்தாவது, சட்டம்: உங்கள் உரிமம் இந்த வண்டிக்குச் செல்லுமா, ஊருக்குள் ஓட்ட விடுவார்களா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம்.

பாதுகாப்பைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை, ஏனென்றால் அதில் மூன்றும் பின்தங்கியவைதான். ஓட்டுநரின் காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் அதிக இரும்பு இல்லை. பின் இருக்கைகளில் பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டுமே. தினமும் நெடுஞ்சாலையில் குழந்தைகளை ஏற்றிப் போகத்தான் வேன் தேடுகிறீர்கள் என்றால், கீழே படிக்காமல் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

## மூன்றுக்கும் முன்னால்: போங்கோ

இந்தக் கதை தெரியாமல் மூன்றையும் புரிந்துகொள்ள முடியாது.

1981-ல் சுன் டூ-ஹ்வானின் ராணுவ அரசு கொரிய வாகனத் தொழிலைக் கத்தரித்துப் பங்கு போட்டது. கார் செய்வது ஹூண்டாய்க்கும், பின்னாளில் டேவூ ஆன சேஹானுக்கும். சிறிய லாரியும் சிறிய பஸ்ஸும் கியாவுக்கு. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பிரிசா காரைக் கியா கைவிட வேண்டியதாயிற்று. ஹூண்டாயும் தன் பங்குக்கு போர்ட்டர் என்ற சின்ன லாரியை நிறுத்தியது.

கார் பறிபோன கியா, மஸ்டாவின் வடிவமைப்பில் செய்துகொண்டிருந்த போங்கோ லாரியின் மேல் 12 பேர் அமரும் கூண்டை ஏற்றி, அதே வருடம் போங்கோ கோச் என்று விற்றது. அப்போது நிர்வாகத்துக்கு வந்த கிம் சுன்-ஹொங்கின் பெயரோடு சேர்த்து 'போங்கோ அதிசயம்' என்று கொரியர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். மூழ்கப் போன நிறுவனம் அந்த வேனால் எழுந்தது. எந்த நிறுவனத்தின் வேனாக இருந்தாலும் 'போங்கோ' என்று சொல்லும் பழக்கமும் அப்போது வந்ததுதான். விற்பவர் 'போங்கோ' என்று சொன்னால் எந்த வண்டி என்று திருப்பிக் கேளுங்கள், கிரேஸாகவும் இருக்கலாம்.

இந்த ஏகபோகம் 1980-களின் நடுவில் தளர்ந்தது. ஹூண்டாய் உடனே சிறு வண்டிச் சந்தைக்குத் திரும்பியது. அவசரமாகத் திரும்பியதால் சொந்தமாக வடிவமைக்க நேரமில்லை. கிரேஸ் அப்படித்தான் வந்தது.

(முதல் போங்கோ கோச்சையே வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அது சேகரிப்பாளர்களின் வேலை. ஓட்டுவதற்கான தேர்வாக இங்கே அதைச் சேர்க்கவில்லை.)

## ஹூண்டாய் கிரேஸ்

1986 முடிவில் வந்தது. ஜப்பானில் அதே வருடம் வெளியான மூன்றாம் தலைமுறை மிட்சுபிஷி டெலிகாதான் இது; உரிமம் வாங்கி ஹூண்டாய் முத்திரை குத்தியது. 1993-ல் முகத்தை உருட்டி 'நியூ கிரேஸ்' ஆக்கினார்கள். ஏற்றுமதியில் பெரும்பாலும் எச்-100 என்று பெயர். பிலிப்பைன்ஸில் கிரேஸ் என்றே சொல்வார்கள். 2003-04 வாக்கில் நின்றது.

பலம் முழுவதும் எஞ்சினில் இருக்கிறது. மிட்சுபிஷியின் 4டி56 குடும்பம், 2,476 சிசி டீசல், பிற்பாடு 2.6 லிட்டரும் வந்தது. இதே குடும்பம் பிறகு திரும்ப வந்த ஹூண்டாய் போர்ட்டர் லாரியில், ஹூண்டாயின் முதல் ஸ்டாரெக்ஸ் வேனில், மிட்சுபிஷியின் பஜேரோ ஜீப்பில், எல்300 வேனில் போயிருக்கிறது. பிலிப்பைன்ஸில் எல்300 பல பத்தாண்டுகள் 4டி56 எஞ்சினோடு புதிதாகவே விற்றது. அதனால் அங்கே எந்தச் சிறு ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். கேஸ்கெட் செட், பிஸ்டன், வாட்டர் பம்ப் எல்லாம் கம்பெனிப் பாகமாகவும் கிடைக்கும், மாற்றுக் கம்பெனிப் பாகமாகவும் கிடைக்கும்.

பலவீனமும் அதே எஞ்சினில்தான். உள்ளே இரண்டு பெல்ட் ஓடுகிறது: ஒன்று டைமிங் பெல்ட், இன்னொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கான சின்ன பெல்ட். சின்னதை யாரும் கண்டுகொள்வதில்லை. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வு, பிஸ்டன் எல்லாம் மோதி எஞ்சினே போய்விடும். பழைய வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல ஆளில்லை என்றால், வாங்கிய வாரமே இரண்டையும் மாற்றுவதற்கான பணத்தை வண்டி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆபத்து சூடு. ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து (எஞ்சின் ஆறிய பிறகு) தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் பார்க்கவே இருக்கையைத் தூக்க வேண்டும். நீண்ட பயணத்தில் ஓட்டுநருக்குக் கீழிருந்து சூடு வரும். இழுப்பது பின்சக்கரம், பின்னால் லீஃப் ஸ்பிரிங். ஆள் ஏறினால் சாதுவாகப் போகும், காலியாகப் போனால் குலுக்கும். தரை உயரம். வயதானவர்கள் ஏற சிரமப்படுவார்கள்.

கிரேஸ் சரியாக இருக்கும் இடம்: உங்கள் ஊரில் போர்ட்டர் லாரியோ எல்300-ஓ நிறைய ஓடுகிறது, வண்டி ஒருநாள்கூட நிற்காமல் வருமானம் தர வேண்டும், அழகைப் பற்றிக் கவலை இல்லை.

## கியா பிரெஜியோ

போங்கோ கோச்சுக்குப் பிறகு 1986-ல் கியா பெஸ்டாவைக் கொண்டுவந்தது. மஸ்டாவின் அடுத்த தலைமுறை போங்கோதான் அது. அதன் 2.2 லிட்டர் டீசலுக்கு சூடேறினால் தாங்காது என்ற கெட்ட பெயர் உண்டு. பெஸ்டாவை யாராவது மலிவாகக் கொடுத்தால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

1995-ல் வந்த பிரெஜியோ கியாவின் சொந்த வடிவமைப்பு. உருண்ட முகம், கொஞ்சம் நீண்ட மூக்கு, அகலமான உள்பக்கம். 2,665 சிசி ஜே2 டீசலும் பின்னர் 3 லிட்டர் டீசலும் போட்டார்கள். எஞ்சின் இதிலும் முன் இருக்கைக்குக் கீழே, இழுப்பது பின்சக்கரம். பிரேசிலில் பெஸ்டா என்ற பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் பிரெஜியோவையே அங்கே பெஸ்டா ஜி.எஸ். என்று விற்றார்கள். அங்கே தேடுகிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஜி.எஸ். என்றால் இந்தப் புது வண்டிதான்.

இந்த வேன் பிறந்த நேரம் சரியில்லை. இரண்டே வருடத்தில், 1997-ல், கியா கடனில் விழுந்தது. 1998-ல் ஏலத்தில் ஹூண்டாய் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு ஒரே வீட்டுக்குள் கிரேஸ், பிரெஜியோ, ஸ்டாரெக்ஸ் என்று மூன்று வேன். எதற்குப் பணம் போட்டு மேம்படுத்துவார்கள்? பிரெஜியோவுக்கு அடுத்த தலைமுறை என்று ஒன்று வரவே இல்லை. 2004-ல் முகத்தை மாற்றி போங்கோ-3 கோச் என்று பழைய புகழ்பெற்ற பெயரைத் திரும்ப ஒட்டினார்கள். புகை விதிகள் இறுகியதும் 2005-ல் அதுவும் நின்றது. போங்கோ லாரி மட்டும் தொடர்ந்தது.

அந்த லாரிதான் வாங்குகிறவருக்கு லாபம். ஜே2 எஞ்சின் ஏற்றுமதியில் கே2700 என்ற பெயரில் போன சின்ன லாரியிலும் இருக்கிறது. வியட்நாம், பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளில் கே2700 காய்கறி ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் கதவு, கண்ணாடி, விளக்கு, நகரும் கதவின் உருளை என்று பிரெஜியோவுக்கு மட்டுமே உரிய பாகங்கள் அரிதாகிவிட்டன. லாரியில் அவை இல்லை. முன் கண்ணாடியில் விரிசல் இருக்கும் பிரெஜியோவை விலை குறைத்துக் கேட்பதைவிட, வாங்காமல் இருப்பதே நல்லது.

ஓட்டுவதற்கு மூன்றிலும் சாதாரணமானது இது. ஜே2 வேகம் எடுக்காது. ஏற்றத்தில் பொறுமை வேண்டும். குறை பெரிதாக இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான சிறப்பும் இல்லை. பிரெஜியோவை எடுக்கலாம் என்றால் காரணம் ஒன்றே: அந்த ஊரில் கே2700 நிறைய இருக்க வேண்டும், எதிரே நிற்கும் கிரேஸைவிட இது வயதில் இளையதாக இருக்க வேண்டும். 2003, 2004 மாடல் பிரெஜியோ பல இடங்களில் 1990-களின் கிரேஸ் விலைக்கே வருகிறது. அப்போது யோசிக்காமல் எடுக்கலாம்.

## சாங்யோங் இஸ்தானா

எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தட்டில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம்.

இதன் வேர் ஸ்பெயினின் வடக்கே விட்டோரியா என்ற ஊரில். 1963-ல் அங்கே டி.கே.டபிள்யூ எஃப்1000எல் என்ற முன்சக்கர இழுவை வேனைச் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழிற்சாலை கைமாறி மெர்சிடிஸிடம் வந்தது. அந்த முன்சக்கர இழுவைப் பழக்கம் 1981-ல் மெர்சிடிஸ் எம்.பி.100 வரை தொடர்ந்தது. பின்சக்கர இழுவைக்கே பேர்போன மெர்சிடிஸ், தன் வேன்களில் ஒன்றை முன்சக்கர இழுவையில் செய்ததற்கு இந்த வரலாறுதான் காரணம். அந்த ஸ்பெயின் வேனில் இருந்தது ஓ.எம்.616 என்ற 2.4 லிட்டர் டீசல். அதே எஞ்சினைத்தான் நம் ஊரில் பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கிச் செய்தது. டெம்போ டிராவலரில் கேட்ட அந்தச் சத்தம்.

1990-களின் தொடக்கத்தில் சாங்யோங்கும் மெர்சிடிஸும் தொழில்நுட்பக் கூட்டு சேர்ந்தன. அதில் பிறந்த முதல் வண்டி 1993-ன் முஸ்ஸோ ஜீப். 1995-ல் எம்.பி.100-ஐ அடிப்படையாக வைத்து, புது உடலோடு இஸ்தானா வந்தது. கொரியாவில் சாங்யோங் முத்திரை. ஆசியாவின் பல நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே வண்டி மெர்சிடிஸ் நட்சத்திரத்தோடு எம்.பி.100, எம்.பி.140 என்று விற்றது. 1998-ல் சாங்யோங்கை டேவூ வாங்கியபோது சில வண்டிகளில் டேவூ முத்திரையும் ஏறியது. டேவூ சரிந்தது. 2003-04-ல் கொரிய உற்பத்தி நின்றது. பிறகு சாங்யோங்கை வாங்கிய சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. குழுமம், ஷாங்ஹாயில் ஹுய்சோங் நிறுவனத்தின் மூலம் அதே உடலைத் தொடர்ந்து செய்தது. 2011-ல் மஹிந்திரா சாங்யோங்கை வாங்கியபோது இஸ்தானாவின் காலம் கொரியாவில் எப்போதோ முடிந்திருந்தது.

எஞ்சின் 2,874 சிசி, ஐந்து சிலிண்டர். மெர்சிடிஸின் ஓ.எம்.602-ஐ உரிமத்தில் செய்தது. பலம் 95 குதிரைச் சக்தி சுமார், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். இதன் அருமை ஆயுளில். டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. டீசல் பம்ப் வரிசைவகை, அழுக்கு டீசலையும் ஓரளவு தாங்கும். இதே குடும்ப எஞ்சின் முதல் ஸ்பிரின்டரிலும், முஸ்ஸோ, கொராண்டோ ஜீப்களிலும் போனது. ஆகவே எஞ்சினுக்குள் இருக்கும் எதற்கும் மெர்சிடிஸ் பாகக் கடைக்குப் போகலாம். ஒரு விஷயம் மட்டும்: பிரேக்குக்கு வெற்றிடம் தரும் வேக்குவம் பம்ப். அது உடைந்தால் துண்டுகள் டைமிங் சங்கிலிக்குள் போய் விழும். பழைய பம்ப் என்றால் மாற்றிவிடுவது நல்லது.

முன்சக்கரம் இழுப்பதால் பின்னால் போகும் நீண்ட ஷாஃப்ட் இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பக்கமே முடிந்துவிடுகின்றன. தரை தாழ்வு, முழுக்கச் சமம். கூரை உயர வகையில் ஏறினால் உள்ளே நடமாடுவது எளிது. சக்கர நாற்காலி ஏற்ற வேண்டும், கட்டில் போட வேண்டும், சமையல் மேடை அடிக்க வேண்டும் என்பவர்களுக்கு மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது.

இனி கழித்தல் கணக்கு. அந்த முன்சக்கர கியர்பாக்ஸ் இஸ்தானாவுக்கு மட்டுமே உரியது. முஸ்ஸோவில் அது கிடையாது, ஸ்பிரின்டரிலும் கிடையாது. போனால் வேறொரு இஸ்தானாவின் பிணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். சக்கரத்துக்குச் சுழற்சி தரும் ஆக்சில் ஜாயின்ட்களும் சுமையோடு ஓடி ஓடித் தேயும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'கடக் கடக்' என்று கேட்டால் செலவு காத்திருக்கிறது. பின்பக்கம் முழுச் சுமை ஏற்றி ஈரமான ஏற்றத்தில் போனால் முன்சக்கரம் பிடிமானம் இழந்து சுற்றும். மலைப்பாதையில் 15 பேரை ஏற்றுகிற தொழிலுக்கு இதை எடுக்காதீர்கள். துருவும் ஒரு பிரச்சினை. படிக்கட்டுக்குக் கீழே, சக்கர வளைவின் உள்பக்கம், நகரும் கதவின் கீழ்த் தண்டவாளம் மூன்றையும் சுத்தியலின் பின்முனையால் தட்டிப் பாருங்கள். பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தால் சத்தம் மந்தமாக வரும்.

இஸ்தானா யாருக்கு: முகாம் வண்டியாக மாற்றுகிறவர்களுக்கு, ஆற அமர ஓட்டுகிறவர்களுக்கு, உதிரிக்காக இன்னொரு செத்த இஸ்தானாவை நிறுத்தி வைக்க இடம் உள்ளவர்களுக்கு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிரேஸ் | பிரெஜியோ | இஸ்தானா |
|---|---|---|---|
| கொரியாவில் காலம் | 1986 முதல் 2003-04 வரை | 1995 முதல் 2005 வரை (போங்கோ-3 கோச் சேர்த்து) | 1995 முதல் 2003-04 வரை |
| பூர்வீகம் | மிட்சுபிஷி டெலிகா | கியா சொந்தமாக, மஸ்டா பள்ளியில் படித்து | மெர்சிடிஸ் எம்.பி.100 |
| டீசல் | 2.5 / 2.6 லிட்டர், 4 சிலிண்டர் | 2.7 / 3.0 லிட்டர், 4 சிலிண்டர் | 2.9 லிட்டர், 5 சிலிண்டர் |
| இழுவை | பின்சக்கரம் | பின்சக்கரம் | முன்சக்கரம் |
| பாகம் தரும் உறவினர் | போர்ட்டர், எல்300, ஸ்டாரெக்ஸ் | கே2700 லாரி | முஸ்ஸோ, ஸ்பிரின்டர் (எஞ்சின் மட்டும்) |
| கிடைக்காத பாகம் | பெரிதாக இல்லை | உடல், கண்ணாடி, விளக்கு | கியர்பாக்ஸ் |
| முதலில் பார்ப்பது | இரண்டு பெல்ட், ஹெட் | கண்ணாடி, கதவு | துரு, ஆக்சில் ஜாயின்ட் |

## விலையில் தெரியாத செலவுகள்

கொரியாவுக்குள் வாங்குகிறீர்கள் என்றால் பெரிய தடை புகை. 2005 வரை வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே புகையை வைத்துப் பிரிக்கும் தரங்களில் கடைசியான ஐந்தாம் தரத்தில் அடங்கும். 2019 டிசம்பரிலிருந்து தலைநகர் சியோலின் பழைய நகர மையத்துக்குள் ஐந்தாம் தர வண்டிக்கு அனுமதி இல்லை. குளிர்காலத்தில், டிசம்பரிலிருந்து மார்ச் வரை, தலைநகரப் பகுதியில் கட்டுப்பாடு இன்னும் விரிவானது. மீறினால் ஒரு நாளுக்கு 1 லட்சம் வொன் அபராதம். புகைவடிகட்டி பொருத்தினால் விலக்கு உண்டு. ஆகவே வடிகட்டி ஏற்கெனவே பொருத்தி, அது பதிவுச் சான்றில் ஏறிய வண்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதில் தவறே இல்லை. பழைய வண்டியை முன்கூட்டியே உடைக்க அரசு பணம் தருவதால் ஏராளமான வேன்கள் அப்படியே போய்விட்டன. அதனால்தான் உதிரிக்கென்று வாங்கும் செத்த வண்டிகூட அங்கே குறைந்துவருகிறது.

இருக்கை எண்ணிக்கையையும் கவனியுங்கள். 11 இருக்கையும் அதற்கு மேலும் என்றால் வேன் வகை. சொந்தப் பயன்பாட்டுக்கு வருட வரி 65,000 வொன்தான். 10 இருக்கை வரை 2001 முதல் கார் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், எஞ்சின் அளவுக்கேற்ப வரி ஏறும். ஆக 9 இருக்கை வண்டியைவிட 12 இருக்கை வண்டிக்கு வரி குறைவு. ஆனால் இரண்டாம் வகை சாதாரண உரிமம் 10 இருக்கை வரைதான் செல்லும். 15 வரை ஓட்ட முதல் வகை சாதாரண உரிமம் வேண்டும். முதலில் உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள், பிறகு வண்டியைப் பாருங்கள். விரைவுச்சாலையின் பஸ் பாதையில் போகலாம் என்ற ஆசையும் பலருக்கு உண்டு. 9 முதல் 12 இருக்கை வரையிலான வண்டியில் குறைந்தது 6 பேர் உட்கார்ந்திருந்தால்தான் அந்தப் பாதை.

முகாம் வண்டியாக மாற்ற 2020 பிப்ரவரிக்குப் பிறகு எல்லா வகை வண்டிக்கும் அனுமதி உண்டு. அதற்கு முன் வேன் வகைக்கு மட்டும் இருந்ததால், 11 இருக்கைக்கு மேற்பட்ட பழைய வேன்களுக்கு அந்த வருடங்களில் தேவை கூடியது. அப்போது மாற்றிய வண்டி கைக்கு வந்தால், மாற்றம் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டிலையும் அலமாரியையும் பிரித்துத்தான் சோதனைக்கு ஓட்டிப் போக வேண்டும்.

ஸ்டீயரிங் பக்கம் அடுத்தது. கொரிய வண்டிகள் இடப்பக்க ஸ்டீயரிங். பிலிப்பைன்ஸுக்கு அது பொருந்தும். அங்கே 1998-லிருந்து வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கே தடை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்றால் வலப்பக்கம் வேண்டும். பிரெஜியோவும் எம்.பி.140-உம் ஆஸ்திரேலியாவில் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு விற்றவை, எனவே அந்த வகை உலகில் இருக்கிறது. இடப்பக்க வண்டியை வாங்கி ஸ்டீயரிங்கை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் உங்கள் உயிரைக் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே பதில்: முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் பழைய வண்டியை இந்தியா இறக்குமதி செய்ய விடுவதில்லை.

## சரி, எதை எடுப்பது?

வாடகைக்கு ஆள் ஏற்றி வருமானம் பார்க்கிறவர் கிரேஸை எடுக்கலாம். பிலிப்பைன்ஸில் இதற்கு மறுபேச்சே இல்லை. 1990-களின் கிரேஸும் 2003-க்குப் பிந்திய பிரெஜியோவும் ஒரே விலையில் நின்றால், பக்கத்தில் கே2700 லாரி ஓடுகிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு பிரெஜியோவை எடுங்கள். சமவெளியில், மாதம் ஓரிரு பயணம், உள்ளே படுக்கை என்றால் துரு இல்லாத இஸ்தானாவுக்காக ஆறு மாதம்கூடக் காத்திருக்கலாம். துரு உள்ள இஸ்தானா எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். டிங்கரிங் கூலியில் இன்னொரு வேன் வாங்கிவிடலாம்.

25 பேர் வேண்டும் என்று ஏசியா கோம்பி, ஹூண்டாய் கோரஸ் பக்கம் போகிறவர்களும் உண்டு. கொரியாவில் அதற்குப் பெரிய வாகன உரிமம் தேவை. அவ்வளவு தூரம் போவதென்றால் கோரஸுக்குப் பின் 1998-ல் வந்த கவுன்டியைப் பாருங்கள். அது இன்னும் உற்பத்தியில் இருக்கிறது, பாகத்துக்குக் கவலையில்லை.

தினமும் பிள்ளைகளை ஏற்றுகிறவர்களுக்கும், சியோலுக்குள் வேலை உள்ளவர்களுக்கும் இந்த மூன்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன். 2007-லிருந்து 2021 வரை வந்த கிராண்ட் ஸ்டாரெக்ஸில் 12 இருக்கை வகை இருக்கிறது. எஞ்சின் முன்னால் பானெட்டுக்குள், அதனால் ஓட்டுநரின் காலுக்கு முன்னே இரும்பு இருக்கிறது. டீசலாக இருந்தாலும் பிற்கால மாடல்களுக்குப் புகைத்தரம் மேல். 15 பேரே வேண்டும் என்றால் 2015-ல் ஹூண்டாய் சோலாட்டி வரும்வரை கொரியாவில் சுமார் பத்து வருடம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. சோலாட்டிக்கு விலை அதிகம். 12 இருக்கை ஸ்டாரெக்ஸையே இரண்டு நடை ஓட்டுவது பல குடும்பங்களுக்கும் சிறு பள்ளிகளுக்கும் கணக்கில் கட்டுப்படியாகும்.